காணாக்கடியும் கனத்த புத்தகமும்

ஒவ்வாமை நோய்களைப் பற்றி மனிதர்கள் தெரிந்துவைத்திருப்பதையெல்லாம் ஒரே அட்டைக்குள் திணித்த புத்தகம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. தலையணை கனத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகம். மருத்துவ மேற்படிப்புப் படிக்கும் என் மகள், விடுதி அறையில் வைக்க இடமில்லை என்று விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். போகும்போது, "அப்பா, இத நீங்க மட்டும் தொடாதீங்க" என்றாள். அவளுக்கு என்னை நன்றாகத் தெரியும். செய்தித்தாளில் காலையில் வரும் நோய் எனக்குச் சாயங்காலத்துக்குள் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை இணைப்பு சேர்ந்து வந்தால் அதிலுள்ளதும் வரும்.

தொடாதே என்று ஏன் சொல்லவேண்டும்? அப்படியானால் அதற்குள் என்னைப் பற்றி ஏதோ இருக்கிறது. சந்தேகம் அன்றைக்கே முளைவிட்டது. புத்தகத்தை எடுக்க ஒரு காரணம்தான் தேவைப்பட்டது. அதையும் உடம்பு சீக்கிரமே ஏற்பாடு செய்துகொடுத்தது.

நாமக்கல்லுக்குச் சற்று வெளியே முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். இரண்டு ஷெட். அவற்றை ஒட்டியே வீடு. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளை என்னுங்க பண்றாப்ல?" என்று கேட்டதற்கு என் அப்பா பையிலிருந்து முட்டையை எடுத்து வைத்துத்தான் பதில் சொன்னார். அப்பேர்ப்பட்ட ஆள் நான். முட்டையைக் கழித்துவிட்டு என்னைப் பார்த்தால் மிச்சம் அதிகம் இருக்காது.

முட்டை லாரி வருகிற நாளுக்கு எங்களிடம் லோடு நாள் என்று பெயர். அட்டைகளில் முட்டையை அடுக்கி, அடுக்கை லாரியில் ஏற்றவேண்டும். ஆட்கள் இருக்கிறார்கள். ஆனாலும் நானும் தூக்குவேன். நான் தொடாவிட்டால் அடுக்கு சரிந்துவிடும் என்பது என்னுடைய பழைய சந்தேகங்களில் ஒன்று. ஏற்றும்போது கீறல் விட்ட முட்டைகளைத் தனியே எடுத்துவைப்போம். அவற்றை யாரும் வாங்க மாட்டார்கள். நேராக எங்கள் சமையலறைக்குப் போகும். ஆகவே லோடு நாள் என்றால் வீட்டில் உடைசல் முட்டைக் குழம்பு என்பது எழுதாத சட்டம்.

அப்படி ஒரு லோடு நாளில், லாரி போய், குளித்து, சாப்பிட்டுக் கட்டிலில் சாய்ந்த கொஞ்ச நேரத்தில் முன்கையில் அரித்தது. சொறிந்தேன். வயிற்றில் அரித்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தால், யாரோ உள்ளே இருந்துகொண்டு தோசை வார்ப்பது போல வட்டம் வட்டமாகத் தடித்திருந்தது. கண்ணாடிக்கு ஓடினேன். மேலுதடு எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தது.

"ஏபுள்ள, இங்க வா! என்னமோ ஆகிப்போச்சு!"

என் மனைவி கரண்டியோடு வந்து பார்த்தாள். அவசரமே படவில்லை. "காணாக்கடிங்க," என்றாள்.

எங்கள் பக்கத்தில் தோல் இப்படித் தடித்தால் அதற்குக் காணாக்கடி என்று பேர். ஏதோ ஒன்று கடித்திருக்கிறது, எது என்று யாரும் காணவில்லை. அதற்கு வைத்தியமும் உண்டு. வெற்றிலையில் மிளகை மடித்து மெல்லக் கொடுத்தாள். பிறகு பரண்மேல் இருந்த கம்பளியை எடுத்து வந்து, சாணை பிடிப்பவர்போல என் முதுகில் தேய்த்தாள். கத்திரிக்காயும் கருவாடும் கூடாது என்றாள். எனக்கோ அந்தப் பேர்தான் பயத்தைக் கொடுத்தது. கடித்தது தெரிந்தால் பயப்பட ஒரு அளவு இருக்கும். காணாதது கடித்திருக்கிறது என்றால் எதற்கென்று பயப்படுவது? எல்லாவற்றுக்கும் பயந்து வைத்தேன்.

சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கம்பளி வென்றது என்றாள் அவள். அடுத்த லோடு நாளில் மறுபடியும் தடித்தது. அதற்கடுத்த லோடு நாளிலும். அன்றைக்கே புத்தகத்தை இறக்கினேன்.

என் ஆங்கிலம் பி.காம். ஆங்கிலம். பாதி வார்த்தை புரிந்தது. புரியாத பாதியைப் பயம் தானே மொழிபெயர்த்துக்கொண்டது. முதலில் படம் பார்த்தேன். படத்தில் இருந்த அத்தனை முதுகும் என் முதுகு. தலையணைக்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சி குடியிருக்கிறது என்று ஓர் அத்தியாயம். தலையணைகளைக் கூரை மேல் காயப்போட்டேன். சோப்பு, சாயம், பெல்ட்டின் கொக்கி என்று ஓர் அத்தியாயம்; பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பண்ணையைச் சுற்றி வந்தேன். குளிர்ந்த தண்ணீர் பட்டாலே தடிப்பவர்கள் உண்டு, வெயில் பட்டாலே தடிப்பவர்கள் உண்டு என்றது புத்தகம். நான் குளிக்காமல் நிழலில் உட்கார்ந்தேன்.

பார்த்தீனியச் செடி பற்றி வந்தபோது பக்கத்துக் காட்டுக்காரரின் நிலம் ஞாபகத்துக்கு வந்தது. அவர் வரப்போரமாக அது மண்டிக் கிடக்கும். போய் வேலியோரம் நின்று, கண்ணை இடுக்கி அந்தச் செடிகளையே முறைத்துக்கொண்டிருந்தேன். அவர் மோட்டார் ரூமிலிருந்து வேகமாக வந்தார்.

"ஏனுங்க, வரப்பக் கிரப்ப அளக்கறீங்களா?"

"இல்லீங்க, செடியப் பாக்கறனுங்க."

"செடியப் பாக்கறதுக்கு எதுக்குங்க மொறைக்கோணும்? நெலத்துல சந்தேகம்னா சர்வேயரக் கூப்புடலாம். எனக்கொண்ணும் பயமில்லீங்க."

அரிப்பைச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர் நம்பவில்லை. அடுத்த நாள் வரப்போரமாகப் புதுக் கல் நட்டிருந்தார்.

புத்தகத்தில் மருந்துகளைப் பற்றிய பகுதி தடிமனாக இருந்தது. சம்பந்தமில்லாததைப் படித்து வீணாகப் பயப்படக் கூடாது என்று எனக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்தப் பகுதியை மொத்தமாகத் தள்ளிவிட்டு நேராகக் கோழிக்குப் போனேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பறவையின் இறகும் தூசியும் ஆகாதவர்கள் உண்டு. அவர்களில் சிலருக்கு முட்டையும் ஆகாமல் போவதுண்டு. கோழிப்பண்ணையில் வேலை செய்பவர்கள் என்று தனியாகவே ஒரு பத்தி. அதைப் படித்ததும் ஷெட்டிலிருந்து கேட்ட கொக்கரிப்பு வேறு மாதிரி கேட்டது. இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்ட கோழிகள் கம்பிக்குள்ளிருந்து ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தன. அவற்றுக்கு முன்பே தெரியும் போலிருந்தது.

லோடு நாளில்தான் தடிக்கிறது. லோடு நாளில்தான் இறகிலும் தூசியிலும் நிற்கிறேன். லோடு நாளில்தான் உடைசல் முட்டைக் குழம்பு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

என் மனைவி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "மத்த நாளு ஆம்லெட் திங்கறீங்களே, அப்பத் தடிக்கலியே?"

"அது நல்ல முட்டை. இது கீறல் விட்டது. கீறல் வழியா என்ன போச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"உங்க மண்டைக்குள்ள போயிருக்குது," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

செய்தி பரமத்தி வேலூருக்குப் போனது. அங்கே என் மனைவியின் தம்பி வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறான். வாழையும் கொஞ்சம் உண்டு. கோழிப்பண்ணை மேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண். மறுநாளே பைக்கில் வந்து இறங்கினான். என் தடிப்பைப் பார்ப்பதற்கு முன் ஷெட்டைப் பார்த்தான்.

"மாமா, ஒடம்புதானுங்க முக்கியம். நீங்க எதுக்கும் ரோசன பண்ணாதீங்க. பண்ணைய நான் பாத்துக்கறனுங்க."

இவ்வளவு அன்பாக அவன் பேசி நான் கேட்டதில்லை. அன்று மத்தியானம் என் கட்டில் மெத்தையைப் புரட்டிப் பார்த்தேன். பூனைக்காலிக் காயின் சுணையை யாராவது தூவி வைத்திருந்தால் இப்படித்தான் அரிக்கும். மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டாள்.

"என்னத்தத் தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல, சாவி."

"எந்தம்பி மேல சந்தேகமா? நல்லாருக்குதுங்க! அவன் வராத நாள்லதான உங்களுக்குத் தடிச்சுது?"

அதுவும் சரிதான். ஆனால் சரியாக இருப்பதாலேயே ஒன்றை நம்பிவிட முடியாது என்கிற நிலைக்கு நான் வந்திருந்தேன்.

சேலத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். பொறுமையான மனிதர். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். புத்தகத்தில் படித்ததை நான் சொல்லத் தொடங்கியபோது கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டார்.

"சர்க்கரை, பிரஷர் இருக்கா? மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"எதுவும் கெடையாதுங்க டாக்டர். மாத்திரையே நமக்கு ஆகாதுங்க. அந்தப் பழக்கமே இல்லை," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். நிமிர்த்தியபோது முதுகு சுளீரென்றது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ எதையும் யோசிக்காமல் பக்கத்திலிருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்று அவர் அழுத்திச் சொன்னார். அரிப்புக்கு மருந்து எழுதினார். பிறகு, "கோழி, முட்டை ரெண்டையும் விட்டுக் கொஞ்ச நாள் தள்ளி இருந்து பாருங்க. அப்புறம் டெஸ்ட் எடுக்கலாம்," என்றார். எனக்கு அது தீர்ப்பாகவே கேட்டது.

தள்ளி இருக்க மச்சினன் வீட்டை விட்டால் வேறு இடம் ஏது? கிளம்புவதற்கு முன் அவனிடம் சொல்லிவிட்டேன். அங்கே இருக்கும்போது தடிக்காமலிருந்து, திரும்பி வந்ததும் தடித்தால், கோழிதான் காரணம். அப்படியானால் பண்ணை உனக்கு. நான் நாமக்கல் டவுனில் ஏதாவது கடை பார்த்துக்கொள்கிறேன். ஷெட்டுக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். கோழிகள் வழக்கம்போலத் தீனியைக் கொத்திக்கொண்டிருந்தன. என்னை யாரும் நிறுத்தவில்லை.

புத்தகத்தை ஒரு சாக்குப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோனேன். கண்டக்டர் தூக்கிப் பார்த்து, "என்னுங்க இது, ஆட்டுக்கல்லா? லக்கேஜ் போடோணுங்க," என்றார். "வியாதிங்க," என்றேன். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். லக்கேஜும் போடவில்லை.

வேலூரில் காவிரிக் காற்று. கோழி இல்லை, முட்டை இல்லை, இறகு இல்லை. உடம்பில் ஒரு தடிப்பு இல்லை. காலையில் எழுந்ததும் வயிற்றைப் பார்ப்பேன், வழுவழு என்றிருக்கும். மனசு உடைந்துபோகும். தன் தோல் நன்றாக இருக்கிறதே என்று துக்கப்பட்ட ஆள் அந்தப் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மச்சினன் தினமும் வந்து, "எப்புடீங்க மாமா இருக்குது?" என்று கேட்பான். "நல்லாருக்குது," என்று நான் சொல்லும்போதெல்லாம் அவன் முகத்தில் ஒரு ஷெட் முளைக்கும். தீவன மூட்டை எங்கே மலிவு என்று யாரிடமோ போனில் விசாரித்ததும் என் காதில் விழுந்தது.

சும்மா உட்கார்ந்து சாப்பிடுவது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு நாள் அவன் வாழைத்தார் வெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். "நீங்க உக்காருங்க மாமா," என்றான். அவன் சொன்னதாலேயே எழுந்து போய்த் தூக்கினேன். வண்டி நிறைவதற்குள் முதுகு வேலைநிறுத்தம் அறிவித்தது. கடைத்தெருவுக்கு நடந்து போய்த் திரும்பி வந்து, சாப்பிட்டு, வெற்றிலைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் பாயில் படுத்தேன்.

முன்கை அரித்தது.

எழுந்து உட்கார்ந்தேன். வயிறு. தொடை. மேலுதடு தன் பழைய இடத்துக்குப் புறப்பட்டுவிட்டது. எனக்குப் பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வெளியே சொல்ல முடியாத சந்தோஷம். இங்கே கோழி இல்லையே! உடனே வேறு சந்தேகங்கள் வரிசையில் நின்றன. வெற்றிலையா? வாழைப்பாலா? மச்சினன் வீட்டுப் பாயா? மச்சினனேவா? மகளுக்குப் போன் போட்டேன்.

"மூச்சு விட முடியுதாப்பா? நாக்கு வீங்கியிருக்கா?" என்றாள் முதலில்.

"அதெல்லாம் இல்ல சாமி. ஒதடுதான். மூச்சு நல்லாப் போகுது. வாழைத்தாரத் தொட்டேன். அதுல பால் வடியுமில்ல, புத்தகத்துலகூட வாழைன்னு..."

"புத்தகத்தப் படிச்சீங்களா?"

சாக்குப்பையைக் காலால் பாய்க்குப் பின்னால் தள்ளினேன்.

"சரி, அப்புறம் பேசிக்கலாம். மத்தியானத்துலருந்து என்னென்ன உள்ள போச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"சோறு. கீரை. ரசம். மோரு."

"மாத்திரை?"

"மாத்திரையெல்லாம் ஒண்ணுமில்ல சாமி."

"தாரு தூக்கினீங்களே, முதுகு வலிக்கலையா?"

"வலிக்காம இருக்குமா? கடத்தெருவுக்குப் போயி ரெண்டு செட்டு வாங்கி, ஒண்ணப் போட்டேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது.

"என்ன செட்டுப்பா?"

"நம்ம மெடிக்கல்ல குடுப்பாங்கல்ல, முதுகு வலிக்கு. அதேதான் இங்கியும் குடுத்தாங்க."

எங்கள் ஊர்களில் யாரும் இதை மாத்திரை என்று கணக்கில் எடுப்பதில்லை. மருந்துக்கடைக்குப் போய், "ஒடம்பு வலிக்கு ஒரு செட்டுக் குடுங்க" என்றால் போதும். கடைக்காரர் கத்தரியால் ஒரு வெள்ளையை வெட்டுவார், ஒரு மஞ்சளை வெட்டுவார், டப்பாவிலிருந்து ஒரு குட்டி உருண்டையைப் போடுவார், தாளில் மடித்துக் கொடுப்பார். அதன் பேர் நமக்கும் தெரியாது, கேட்பதும் இல்லை. டீக்கடையில் டீத்தூளின் பேரைக் கேட்பதில்லையே, அது மாதிரி. மாத்திரை என்பது சர்க்கரைக்காரர்களும் பிரஷர்காரர்களும் டப்பாவில் வைத்துச் சாப்பிடுவது. இது செட்டு. வலிக்கு.

"அப்பா, லோடு ஏத்தற அன்னைக்கெல்லாம் இதப் போடுவீங்களா?"

"லோடு ஏத்தினா முதுகு வலிக்குமில்ல சாமி?"

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அவரு மாத்திரையத்தான கேட்டாரு?"

என் மகள் அந்தப் பக்கம் சிரித்தாளா, அழுதாளா என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். அந்தத் தாளைத் தூக்கியெறியாமல் மிச்சத்தோடு பத்திரமாக வைக்கச் சொன்னாள். உதடு இதற்கு மேல் போனால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றும், டாக்டர் எழுதிய அரிப்பு மருந்தைச் சாப்பிடும்படியும், யாராவது பக்கத்தில் இருக்கவேண்டும் என்றும் சொன்னாள். பக்கத்தில் மச்சினன்தான் இருந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப கோழி இல்லீங்களா மாமா?" என்றான்.

"பாக்கலாம் இரு," என்றேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. சாக்கிலிருந்து புத்தகத்தை எடுத்து, நான் தள்ளிவிட்ட தடிமனான பகுதியைத் திறந்தேன். வலி மாத்திரைகளைப் பற்றி அங்கே பக்கம் பக்கமாக இருந்தது. உதட்டு வீக்கத்துக்குப் படம்கூடப் போட்டிருந்தார்கள். அச்சு அசல் நான்தான். மீசை மட்டும் இல்லை.

சேலத்து டாக்டர் தாளிலிருந்த மிச்ச மாத்திரைகளை மேசைமேல் கொட்டிப் பார்த்தார். வெள்ளையைப் பேனாவால் தனியே தள்ளினார். "இத்தனை வருஷமா ஒத்துக்கிச்சே டாக்டர்?" என்றேன். "இத்தனை வருஷம் ஒத்துக்கிட்டது இனிமேலும் ஒத்துக்கும்னு யாரும் எழுதிக் குடுக்கலியே," என்றார். முட்டைக்கும் கோழி இறகுக்கும் கையில் சொட்டு வைத்துக் குத்திப் பார்த்தார். அவர் சொன்ன நேரம் வரை கையை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஏதோ சிவந்த மாதிரி இருந்தது. அது நான் உற்றுப் பார்த்ததால் சிவந்தது என்று என் மனைவி சொன்னாள். டாக்டர் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். கோழிக்கும் முட்டைக்கும் சம்பந்தமில்லை என்றார். எந்த வகை வலி மாத்திரைகளைத் தொடக்கூடாது என்று ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்து, எங்கே போனாலும் சட்டைப்பையில் வைத்திருக்கச் சொன்னார். முதுகுவலிக்கு முதுகைப் பார்க்க வேறொரு டாக்டரிடம் போகவேண்டும் என்றார். அதற்கென்றும் ஒரு கனத்த புத்தகம் இருக்கும். மகளிடம் நான் அதைக் கேட்கவில்லை.

வீடு திரும்பியதும் என் மனைவி ஒரு முட்டையை அவித்து, பாதியாக நறுக்கி, மிளகுத்தூள் போட்டு முன்னால் வைத்தாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. சாப்பிட்டுவிட்டுக் கண்ணாடி முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். உதடு தன் இடத்திலேயே இருந்தது. ஷெட்டுக்குப் போனேன். கோழிகள் தலையைச் சாய்த்துப் பார்த்தன. இந்த முறை நான் முதலில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

லோடு நாளில் என்னைத் தூக்கவிடுவதில்லை. பதிலுக்கு மச்சினன் வேலூரிலிருந்து வருகிறான். பண்ணைதான் கிடைக்கவில்லை, பண்ணையின் கனமான பாதி அவனுக்குக் கிடைத்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. ஆனால் அடுக்கு ஒன்றும் சரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

போன லோடு நாளில் லாரி போனதும் அவன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, முதுகைப் பின்னால் வளைத்து முனகினான். சட்டைப்பையிலிருந்து ஒரு தாள் மடிப்பை எடுத்துப் பிரித்தான்.

"என்ன அது?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க மாமா. செட்டு."

புத்தகத்தை எடுத்துவர உள்ளே போனேன்.